இப்பத்தான் வந்தேன் தொரே

காப்பிக் கடைக்காரர் அப்போதுதான் பால் டின்னில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் உட்கார்ந்த நாற்காலியில் சூடுகூட ஏறவில்லை. அதற்குள் மிஸஸ் ராஜநாயகம் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐவ் பீன் வெயிட்டிங் ஃபாரெவர், செல்வி!" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். என்றென்றைக்குமாகக் காத்திருக்கிறாராம். எதற்கு? ஒரு கிளாஸ் தே தாரிக்குக்கு, நம்மூரில் தூக்கி ஆற்றிக் கொடுக்கிற அதே டீக்கு! முன்பெல்லாம் இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது அந்த ‘ஃபாரெவர்’ காதில் விழுந்தாலே வயிறு எரிகிறது. அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போலக் கல்யாணம் கட்டிக் கடல் தாண்டி வந்தவர்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மிஸஸ் ராஜநாயகம், மலாக்கா நகரில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் சென்டரின் சொந்தக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆபீஸ் வேலைக்கு வந்தவர்களின் பேத்தி. வீட்டில் அழுவதும் சிரிப்பதும்கூட ஆங்கிலத்தில்தான். நல்ல மனுஷி, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நேரத்தை இழுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. போன வாரம் பார்த்தவரைப் பார்த்து ‘ஃபார் ஏஜஸ்’ பார்க்கவில்லையே என்பார், யுகக்கணக்காக என்று அர்த்தம். ஜெராக்ஸ் மெஷின் ஒரு பக்கம் கக்குவதற்குள் ‘எட்டர்னிட்டி’ என்பார். காரை வொர்க்‌ஷாப்பில் விட்டால் ‘டாங்கீஸ் இயர்ஸ்’ ஆகிறது என்பார், கழுதை வருஷங்களாம். வருஷத்தை அளக்க வெள்ளைக்காரனுக்கு வேறு பிராணியே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

துறையூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் இதே மரபுத்தொடர்களை நானும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை உருப்போட வைத்து, மார்க் போட்டவள்தான். அப்போது அவை வெறும் பரீட்சைச் சமாச்சாரம். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை, முசிறி பஸ் கொஞ்சம் பிந்தினால் ‘எத்தனை யுகமாய்யா நிக்கிறது’ என்று கண்டக்டரிடம் சண்டைக்கு நிற்போம். நேரம் போனால் வாய்விட்டுத் திட்டலாம் என்பதில் துறையூருக்கும் லண்டனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குணாவைக் கட்டிக்கொண்டு மலாக்காவை அடுத்த பத்து பெரண்டாம் என்ற ஊருக்கு வந்த பிறகுதான் அதைச் சொல்லவே பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

இங்கே எல்லாமே ‘கெஜாப்’. மலாய்ச் சொல், ஒரு கணம், இதோ, என்று அர்த்தம். வந்த புதிதில் சமையலறைக் குழாய் உடைந்துபோய், பழுது பார்க்கிற ஆளுக்குப் போன் போட்டேன். "கெஜாப் லாகி சம்பாய்" என்றார், இதோ வந்துவிடுகிறேன் என்று. நான் குளிக்காமல் கொள்ளாமல், வாளியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் சாவகாசமாக வந்து இறங்கினார். நான் கடுகடுவென்று நின்றதைப் பார்த்து அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு லா இப்படி மூஞ்சிய வச்சிருக்கே? அவரு வந்துட்டாருல்ல?" என்று, பேச்சுக்குப் பேச்சு ‘லா’ ஒட்டுகிற இங்கத்தித் தமிழில், குணா என்னைத்தான் கேட்டார். சரி, இது ஊர் வழக்கம், சோம்பேறித்தனத்துக்கு ஒரு செல்லப்பெயர் என்று அப்போது நினைத்தேன். எல்லோருடைய ‘இதோ’வும் ஒன்றில்லை என்பதை எனக்குக் காட்டியது பாக்கியம் அத்தை.

அத்தை என் மாமனாரின் தங்கை. மாமனார் காலமாகிவிட்டார், அத்தைக்குப் பிள்ளைகள் கிடையாது, எங்களோடுதான் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். பெம்பான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், மரத்தை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகு அதிலும் மருந்தடித்தவர். தோட்டம் கைமாறி, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லும்வரை மாடு வளர்த்துப் பால் ஊற்றியவர். அண்ணன் கையில் இருந்தது நீல அடையாள அட்டை, அதாவது குடிமகன். தங்கை கையில் இருப்பது சிவப்பு ஐசி. இந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும் அதற்குச் சான்று இல்லாததால், இருந்துகொள்ளலாம், ஆனால் இந்நாட்டவர் இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். நீல ஐசிக்கு அத்தை எழுதிப்போடுவதும் அது திரும்பி வருவதும் குணா அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து நடக்கிறது.

ஒரு ஞாயிறு காலை, மறுநாள் வகுப்புக்காக மரபுத்தொடர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ‘டில் தி கௌஸ் கம் ஹோம்’ என்று ஒன்று வந்தது. என்னவென்று கேட்டார். மாடுகள் வீடு திரும்புகிற வரைக்கும், அதாவது முடிவே இல்லாமல் ரொம்ப ரொம்ப நேரம் என்று சொன்னேன்.

"மாடு வீட்டுக்கு வர எம்புட்டு நேரமாவும்? பொழுது சாஞ்சா தானா வந்து நிக்கும் லா. கூப்புடக்கூட வேணாம்."

"இங்கிலீஷ்ல அப்படி அத்தை."

"மாடு வளக்காதவன் எவனோ எழுதிருக்கான். மாடெல்லாம் அன்னன்னைக்கு வந்துரும்மா. எனக்கு இந்த நீல ஐசிதான் வரல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். மறுநாள் வகுப்பில் அந்த ஒரு தொடரை மட்டும் தாண்டிப் போனேன், யாரும் கேட்கவில்லை.

அத்தைக்கு எதற்கு நீல ஐசி என்று கேட்டால் பெரிய காரணமெல்லாம் சொல்ல மாட்டார். ஓட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான். தேர்தல் நாளில் எங்கள் தெருவே பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும், அத்தையும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கூடவே போவார். ஓட்டுப் போடுகிற இடத்தில் கைப்பேசியை எடுக்கக் கூடாது என்பதால் எல்லோரும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். போனும் குடையும் ஹெல்மெட்டுமாக அத்தை வெளியே அங்சானா மரத்தடியில் நின்றுகொண்டிருப்பார். வெளியே வருகிறவர்களின் விரல் மையைப் பிடித்துப் பார்ப்பார். "நல்லா ஊறிருக்கு லா" என்பார், மருதாணியைச் சொல்வதுபோல. அந்த மை ஒரு தடவையாவது தன் விரலில் ஏற வேண்டும் என்பதுதான் அந்த மனுஷியின் ஆசை. வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இப்படியிருக்க, அத்தையை நேர்காணலுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. வீடே பரபரத்துப்போனது. மலாய் மொழி தெரியுமா என்று பார்ப்பார்கள், ஆனால் அதில் அத்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, என்னைவிட அவருடைய மலாய் நூறு பங்கு சுத்தம். நாட்டின் ஐந்து கோட்பாடுகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். நான் சொல்லிக்கொடுத்தது வேறு ஒன்று. "அத்தை, எவ்வளவு காலமா காத்திருக்கீங்கன்னு கேட்டா, நல்லா அழுத்தி நீட்டிச் சொல்லுங்க. பொறந்ததுலேர்ந்து காத்திருக்கேன்னு சொல்லுங்க. அழுகை வந்தா அடக்காதீங்க." மிஸஸ் ராஜநாயகத்திடமிருந்து எனக்குத் தொற்றியது அதுதானே. அத்தை விஷயத்தில் பொய் சொல்லி நீட்டக்கூடத் தேவையில்லை, உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும். அத்தையும் சரி சரி என்று தலையாட்டினார்.

நேர்காணல் அன்று காலையில் பசியாறாமலேயே கிளம்பினார், வயிறு நிறைந்தால் படித்தது மறந்துவிடுமாம். அடையாள அட்டைப் பதிவு அலுவலகத்தின் நீல நாற்காலிகளில் போய் உட்கார்ந்தோம். எண்கள் ஓடின, எங்கள் எண் வரவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. பக்கத்தில் இருந்த ஒருவர் கவுண்ட்டரில் போய்க் கத்திவிட்டு வந்தார். அத்தை அவரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கழிப்பறைக்குக்கூட எழுந்து போகவில்லை, அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். பொழுது மேற்கே இறங்கத் தொடங்கியபோதுதான் கூப்பிட்டார்கள்.

அதிகாரி இளைஞர். மரியாதையானவர், அதையும் சொல்லிவிட வேண்டும். வயதான பெண்களைக் கூப்பிடுகிற முறையில் "மக்சிக்" என்று அழைத்து உட்காரச் சொன்னார். நானும் பக்கத்தில் உட்கார அனுமதித்தார்.

"லாமா துங்கு, மக்சிக்?" ரொம்ப நேரம் காத்திருந்தீர்களா என்று கேட்டார்.

அத்தை நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். இரண்டு கையும் வயிற்றுக்கு முன்னால் தானாகக் கட்டிக்கொண்டன. "தாக் லாமா, துவான். பாரு சாஜா." இல்லை ஐயா, இப்போதுதான் வந்தேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போகட்டும், உபசாரப் பேச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் கேட்டதற்கெல்லாம் அத்தை கணீரென்று பதில் சொன்னார், கோட்பாடுகளை ஒப்பித்தார், அதிகாரியே சிரித்துப் பாராட்டினார். கடைசியில் பேனாவைக் கையில் பிடித்தபடி கேட்டார். விண்ணப்பம் போட்டு நீண்ட காலம் ஆகிவிட்டதா? இதற்கு முன்பும் போட்டீர்களா? வயதானவர்கள், நெடுநாள் காத்திருப்பவர்கள் என்றால் மேலே ஒரு குறிப்பு எழுதி அனுப்பலாம், அவசரம் ஏதாவது உண்டா?

தெய்வமே நேரில் வந்து கேட்டால்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்காது. பேனா காகிதத்தின் மேல் காத்துக்கொண்டிருந்தது.

"தாக் லாமா, துவான்," என்றார் அத்தை. "தாக் அப்பா." ரொம்ப நாளெல்லாம் ஆகவில்லை ஐயா, பரவாயில்லை.

நான் வாயைத் திறந்தேன். அதிகாரி கையை உயர்த்தி, மக்சிக்கே பதில் சொல்லட்டும், இது மொழித் தேர்வும்தான் என்று பணிவாகச் சொன்னார். என் கைப்பையில் இருந்தது வருஷா வருஷம் புதுப்பிக்கிற மனைவி விசா. அதை வைத்துக்கொண்டு அந்த அறையில் எந்தக் குரலை உயர்த்துவது? வாயை மூடிக்கொண்டேன். அவர் பேனாவை மூடினார். "சபார் யா, மக்சிக்," என்றார். பொறுமையாக இருங்கள். பொறுமையைப் பற்றி அத்தைக்குச் சொல்கிறார்!

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் குணா வருவதற்காக நின்றபோது நான் வெடித்துவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"ஏன் அத்தை இப்படிப் பண்ணினீங்க? அவரே எழுதறேன்னு சொல்றாரு. ஒரு வார்த்தை! ரொம்ப வருஷமாச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை!"

"ஏன்மா கத்துற? ஆபீஸ்காரவங்க மொகத்துக்கு நேரா ரொம்ப நாளாச்சுன்னு சொல்லலாமா? அது அவங்கமேல குத்தம் சொன்ன மாதிரி ஆயிராது?"

"குத்தம்தானே! சொல்ல வேண்டியதுதானே!"

"எங்கப்பா சொன்னாரும்மா," என்றார் அத்தை. "சொல்லித்தான் நான் இப்படி நிக்கிறேன்."

அதற்கு முன் அந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னதில்லை, குணாவுக்கும் தெரியாது. அத்தை வயிற்றில் இருந்தபோது அவருடைய அம்மாவுக்குக் கால் வீங்கிக் காய்ச்சல் கண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லாரி வேண்டும், லாரிக்குத் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு வேண்டும். அப்பா விடிந்ததும் போய் ஆபீஸ் வாசலில் நின்றார். ஆபீஸ் வாசலில் நிற்பதற்குத் தோட்டத்தில் ஒரு முறை இருந்தது. தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், உட்காரக் கூடாது. துரை வந்து எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று கேட்டால், எவ்வளவு நேரமானாலும் ‘இப்பத்தான் வந்தேன் தொரே’ என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுப்பதோடு இதையும் கற்றுக்கொடுத்தார்கள். துரை அன்றைக்குத் தோட்டத்தைப் பார்வையிடுகிற மலைச்சுற்று முடித்து, பங்களாவில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தார். கேட்டார். வீட்டில் பெண்டாட்டி அனத்துகிற நினைப்பில், "விடிஞ்சதுலேர்ந்து நிக்கிறேன் தொரே" என்று சொல்லிவிட்டார் அப்பா.

துரை திட்டவில்லை, அடிக்கவில்லை. லாரிகூடக் கொடுத்தாராம். ஆனால் சில நாள் கழித்துக் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்தி ஆள்கணக்கு எடுத்தபோது, அப்பாவின் பெயரை மட்டும் கூப்பிடவில்லை. பெயர் கூப்பிடாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் லயத்து வீடு இல்லை. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு, அண்ணன்காரனை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு தோட்டத்தில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அத்தை அந்த வீட்டில், அடுத்தவர் பாயில் பிறந்தார். பிள்ளை பிறந்ததைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டபோது அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி, நீ எங்கள் ஆள் இல்லையே என்றார். பழைய தோட்டத்துக் கிராணி, நீ இப்போது எங்கள் ஆள் இல்லையே என்றார். கிராணியிடம் வாய்ச்சொல்லாகச் சொன்னாலே எல்லாம் எழுதி முடித்த மாதிரி என்றுதான் தோட்டத்து ஜனங்கள் நம்பியிருந்தார்கள், போலீஸ் ஸ்டேஷன் வரை போக வேண்டும் என்று அப்பாவுக்கு யார் சொன்னது?

"எங்கம்மா சாவுற வரைக்கும் சொல்லும்மா. பெரியவங்க கேட்டா இப்பத்தான் வந்தேன்னு சொல்லு, வாயத் தொறந்து நேரத்தச் சொன்னா குடும்பம் நடுரோட்டுல நிக்கும்னு. அது வாய்ல ஒட்டிக்கிச்சு. நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்துச்சு லா. அவரு மேசைக்கு அந்தாண்ட உக்காந்து கேட்டதும் அதுதான் வந்துருச்சு."

துரை போய்விட்டார், பங்களா இடிந்துவிட்டது, நாடு எப்போதோ சுதந்திரம் வாங்கிவிட்டது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் ஒரு கிழவியின் நாக்கில் குடியிருக்கிறது. எனக்கு அத்தைமேல் கோபம், அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல் கோபம், கைக்கடிகாரத்தைத் தட்டுகிற மிஸஸ் ராஜநாயகத்தின்மேலும் அநியாயத்துக்குக் கோபம். அவருடைய தாத்தா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர், அத்தையின் அப்பா வாசலில் நின்றவர். காத்திருந்தேன் என்று வாய்விட்டு அலுத்துக்கொள்வதற்குக்கூட ஒரு வம்சாவளி வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. குணா வந்து, "எப்படி போச்சு அத்தை?" என்று கேட்டார். "நல்லா போச்சு லா, நல்ல பையன்," என்றார் அத்தை.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. இம்முறை இல்லை, விரும்பினால் மறுபடி விண்ணப்பிக்கலாம். அத்தை அதை வாங்கி மடித்துச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்தார். "பரவால்ல, இன்னொரு தடவ போட்டாப் போச்சு," என்றார். அன்றைக்கு நான் சோறு பொங்கவில்லை, அவர்தான் பொங்கினார்.

அடுத்த தேர்தல் வந்தது. வழக்கம்போலத் தெருவே கிளம்பியது. அத்தை மாம்பழக் கலர் சேலை கட்டிக்கொண்டார். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். துறையூர்ப் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறதாம், அக்கா போனில் சொன்னாள். அங்கே பெயர் இருக்கிறது, போட ஆள் இல்லை. இங்கே ஆளாக நிற்கிறேன், பெயர் கிடையாது. "நீ எப்பதான்டி வருவே?" என்று அக்கா கேட்டபோது, "இதோ வந்துடறேன்க்கா," என்றேன். ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொல்கிறேன்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. வரிசை பள்ளிக்கூட மதிலைச் சுற்றிக்கொண்டு நின்றது. குணா தன் போனை என்னிடமும், அடுத்த வீட்டுக்காரர்கள் குடையையும் ஹெல்மெட்டையும் அத்தையிடமும் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் அங்சானா மரத்தடியில் நின்றோம், இங்கேயே பிறந்தவரும், வந்து சேர்ந்தவளும். உட்கார ஒரு கல் இருந்தது. அத்தை உட்காரவில்லை. நான் ஏன் உட்காரவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து மிஸஸ் ராஜநாயகம் விசிறிக்கொண்டே வந்தார். அவருக்கும் அந்தப் பள்ளிக்கூடம்தான். விரலில் மை ஈரமாகப் பளபளத்தது. "ஓ மை காட், செல்வி, இட் டுக் ஃபாரெவர்!" என்றார். அத்தை அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லா ஊறிருக்கு என்றார். மிஸஸ் ராஜநாயகம் எங்கள் கையிலிருந்த சுமைகளைப் பார்த்தார், எங்கள் முகத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தார். பாவம், உண்மையான அக்கறையோடு, தமிழிலேயே கேட்டார்.

"நீங்கள் இரண்டு பேரும் நிறைய நேரமா நிற்கிறீங்களோ?"

"இல்லம்மா, இப்பத்தான் வந்தோம்," என்றார் அத்தை.

"இப்பத்தான் வந்தோம்," என்று அதே நேரத்தில் என் வாயும் சொன்னது.